குட்டி ரயிலுக்குக் கையாலேயே தண்டவாளமும் பாயிண்ட்டும்: தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு

நெகிரி செம்பிலான் பகாவ் போன்ற ஊரில் இருந்துகொண்டு மாடல் ரயில் கட்டுபவருக்கு என்ஜினைவிடப் பாயிண்ட்தான் (ஒரு பாதை ரெண்டாகப் பிரியும் இடம்) கையைக் கடிக்கும். சின்ன யார்டு ஒன்றுக்கே ஆறு பாயிண்ட் வேண்டும். ரெடிமேடாக வாங்கினால் ஒவ்வொன்றும் நூறு வெள்ளியைச் சுற்றி வரும்; வேண்டிய அளவும் கோணமும் கிடைக்காது. கையால் கட்டினால் சாமான் செலவு ஐம்பது வெள்ளிக்குள் அடங்கும். ஆனால் முதல் ரெண்டு பாயிண்ட் குப்பைக்குப் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். போக வேண்டியதில்லை. அவை கெடுவது பெரும்பாலும் நாலைந்து இடங்களில்தான். அந்த இடங்களில் மட்டும் இந்தக் கட்டுரை நிதானமாகப் போகும்.

## 1. வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

இங்கே சொல்லும் எல்லா அளவும் எச்ஓ அளவுக்கு: 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் மலேசிய ரயில்வேயான கேடிஎம் ஓடுவது 1000 மி.மீ. மீட்டர் கேஜில். அதை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், ஆகவே கேடிஎம்மை உள்ளபடி செய்ய விரும்புகிறவர்கள் 12 மி.மீ. இடைவெளியில் கட்டுகிறார்கள். பகாவ் வழியாகப் போகும் கெமாஸ்–தும்பாட் கிழக்குக்கரைப் பாதையை அச்சாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தாலும், முதல் பாயிண்ட்டை 16.5-இல் கட்டுங்கள். அளவிகளும் (தண்டவாள இடைவெளியைப் பிடித்து வைக்கும் கருவி) சக்கரங்களும் இந்த அளவுக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும். முறை ரெண்டுக்கும் ஒன்றே.

தண்டவாளத்தின் உயரத்தைக் 'கோட்' என்ற எண்ணால் சொல்வார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 83 என்றால் 2.11, கோட் 70 என்றால் 1.78. கோட் 70 பார்க்க அழகு. ஆனால் பழைய வண்டிகளின் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும்; அது சோல்டர் மேட்டில் தட்டிக்கொண்டே ஓடும். புதியவருக்குக் கோட் 83 போதும்.

பாயிண்ட்டின் எண் அதன் கோணத்தைச் சொல்கிறது. 6-ஆம் எண் என்றால், ஃப்ராக்கிலிருந்து (ரெண்டு பாதையும் குறுக்கிடும் முனை) 6 பங்கு தூரம் போகும்போது ரெண்டு பாதையும் 1 பங்கு விலகியிருக்கும். கோணம் சுமார் 9.5 டிகிரி. நாலாம் எண் இடத்தை மிச்சப்படுத்தும் என்று அதில் இறங்காதீர்கள்; நீளமான பெட்டிகள் அதில் தடுமாறும். இந்தக் கட்டுரை 6-ஆம் எண்ணுக்கு.

நிஜப் பாயிண்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டேஷன் மேடையிலிருந்து பாருங்கள், படம் எடுங்கள். தண்டவாளத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம். செம்பனை எண்ணெய் மில்லில் வேலை செய்யும் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது: பழக்குலை ஏற்றிய கூண்டு வண்டிகளை வேகவைக்கும் உருளைக்குள் தள்ளும் தடத்தை அவர் படம் எடுத்து அனுப்பலாம். அந்தப் படத்தையே மாடலாகச் செய்யலாம்.

## 2. சாமானும் செலவும்

கடைக்குக் கடை விலை மாறும். கீழே உள்ளவை ஏறக்குறைய.

தண்டவாளம்: தனியாகத் தேடி அலைய வேண்டாம். 914 மி.மீ. நீளமுள்ள ஃப்ளெக்ஸி டிராக் (வளைக்கக்கூடிய ரெடிமேட் பாதை) ஒன்று வாங்கி (30 முதல் 45 வெள்ளி), பிளாஸ்டிக் குறுக்குக்கட்டைகளிலிருந்து (சிலிப்பர்) ரெண்டு தண்டவாளத்தையும் உருவி எடுங்கள். நிக்கல் சில்வர் என்று போட்டிருக்க வேண்டும். பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் 305 மி.மீ. துண்டு ஆறு கிடைக்கும். 6-ஆம் எண் பாயிண்ட்டின் நீளமும் ஏறக்குறைய அதுதான். ரெண்டு துண்டு ஸ்டாக் ரயிலுக்கு, அதாவது ரெண்டு ஓரத்து வெளித்தண்டவாளத்துக்கு (இங்கே ரயில் என்றால் தண்டவாளம்). இன்னும் ரெண்டு துண்டில் உள்தண்டவாளமும் ஃப்ராக்கின் காலும் அடங்கும். ஐந்தாவதிலிருந்து செக் ரயில் (சக்கரத்தை வழிப்படுத்தும் குட்டித் துண்டுகள்). மிச்சம் அரை மீட்டர் கெடுத்துப் பழக.

செம்புப் பூச்சுப் பலகை, அதாவது பிசிபி (சிலிப்பர் வெட்ட): ஒரு பக்கம் மட்டும் செம்பு, 1.6 மி.மீ. தடிமன், 10×15 செ.மீ. ஒன்று 4 முதல் 8 வெள்ளி. ஒரு பலகையில் நாலு பாயிண்ட் கட்டலாம். பச்சை கலந்த மஞ்சள் நிற எஃப்ஆர்-4 வாங்குங்கள். அட்டை போன்ற பழுப்புப் பலகை விலை குறைவு, வெட்டவும் சுலபம். ஆனால் சூடு பட்டதும் செம்பு உரிந்து வரும். பாயிண்ட் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தண்டவாளம் சிலிப்பரோடு சேர்ந்து ஆடினால் காரணம் அநேகமாக இந்தப் பழுப்புப் பலகைதான்.

சோல்டரிங் அயன்: சூடு மாற்றக்கூடிய 60 வாட், தட்டை முனை 2 அல்லது 3 மி.மீ. (35 முதல் 60 வெள்ளி). ஊசி முனை வேண்டாம். அதன் சூட்டைத் தண்டவாளம் உறிஞ்சிவிடும். சோல்டர் 60/40, 0.8 மி.மீ. கம்பி. சோல்டர் ஓடிப் பிடிக்க உதவும் ரோசின் பிளக்ஸ் ஒரு டப்பா.

ஊசி அரம் செட், ஒரு சாதாரணத் தட்டை அரம், சின்ன இரம்பம், டிஜிட்டல் கேலிப்பர், சத்தம் எழுப்பும் மல்டிமீட்டர். இவற்றில் பாதி வீட்டிலேயே இருக்கும்.

அளவிகள்: மூன்று கால் அளவி ஒன்று, தட்டை அளவி ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ரெண்டும் சேர்ந்து நூறு வெள்ளியைத் தாண்டினாலும் வாங்கிவிடுங்கள். இவற்றோடு மோட்டார் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்கும் பீலர் கேஜ் செட் (8 முதல் 15 வெள்ளி). அதில் 1.00, 0.20 என்ற ரெண்டு தகடும் இருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டையும் சேர்த்தால் 1.2 மி.மீ. இந்த 1.2-தான் பாயிண்ட்டின் உயிர்நாடி.

முதல் தடவை எல்லாம் சேர்த்து 250 முதல் 300 வெள்ளி ஆகும். அடுத்தடுத்த பாயிண்ட்டுக்குச் சாமான் மட்டும்தான். விலை அதிகமான உலோக அச்சுகள் (ஜிக்) பத்துப் பதினைந்து ஒரே மாதிரிப் பாயிண்ட் கட்டுபவருக்கு. ஆறு பாயிண்ட்டுக்கு அது வீண்.

எலெக்ட்ரானிக் சாமானுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பசார் வரை போகும் வேலை இருந்தால் ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் ஷாப்பி, லசாடா போதும்.

## 3. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரியும் தாளும்

அளவியும் தனித் தண்டவாளமும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்.

2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளி அல்லது அதற்குக் குறைந்த விலையுள்ள சாமானுக்கு 10% விற்பனை வரி உண்டு. பதிவு செய்த விற்பனையாளர் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடுவார். 300 வெள்ளி சாமானுக்கு 30 வெள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐத் தாண்டினால் சுங்கத்தில் தனிக் கணக்கு. கூரியர்காரரின் கையாள்கைக் கட்டணமும் சேரும். ஆகவே நாலைந்து நண்பர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்குவது எப்போதும் லாபம் என்று நினைக்காதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒவ்வொரு பொருளின் பெயரும் விலையும் தனித்தனி வரியில் உள்ள இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, அதில் வரி பிடித்திருந்தால் அந்த வரி தெரியும் பக்கம், பார்சல் எண், ஐசி எண். இன்வாய்ஸில் வெறும் 'மெட்டல் ரெயில்' என்று போட்டால் இரும்புச் சாமானா கட்டுமானச் சாமானா என்ற கேள்வி வரும். 'மாடல் ரயில் தண்டவாளம், 9503' என்று எழுதித் தரும்படி விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பொம்மைகளும் அளவு குறைத்த மாடல்களும் அந்தத் தலைப்பில்தான் வருகின்றன. வரி ஏற்கெனவே கட்டியிருந்தும் மறுபடி கேட்டால் இந்தத் தாள்கள்தான் உங்களுக்குப் பேசும்.

தண்டவாளத்தை முழு நீளத்தில் அனுப்பச் சொல்லாதீர்கள். வளைந்து வரும், நீளப் பார்சலுக்குக் கட்டணமும் கூடும். பாயிண்ட்டுக்கு மட்டும் என்றால் மூன்றாக வெட்டி, பிவிசி குழாயில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். திரவ பிளக்ஸை வெளியிலிருந்து வாங்கவே வேண்டாம். தீப்பற்றும் திரவம் என்று விமானத் தபாலில் நிறுத்திவிடுவார்கள். ஆர்டர் போட்ட நாளிலிருந்து ரெண்டு முதல் நாலு வாரம் வையுங்கள்; பெருநாள் காலத்தில் இன்னும் ஒன்று.

## 4. படத்தை அச்சிடுதல்

டெம்ப்ளாட் என்ற மென்பொருள் இலவசம்; எந்த எண்ணுக்கும் எந்த வளைவுக்கும் பாயிண்ட் படம் வரையும். பழக ஒரு வார இறுதி ஆகும். அவசரமென்றால் ஜிக் விற்கும் ஃபாஸ்ட் டிராக்ஸ் இலவசமாகத் தரும் படங்களே போதும்.

படம் ஏ4 தாளில் அடங்காமல் சற்று வெளியே போகும். போட்டோஸ்டேட் கடையில் ஏ3-இல் அச்சிடச் சொல்லுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் 'தாளுக்குப் பொருத்து' என்பதை அழுத்திவிடுவார். நூற்றுக்கு நூறு அளவில்தான் வேண்டும். கடையைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே படத்தில் உள்ள அளவுகோட்டைக் கேலிப்பரால் பாருங்கள்: 100 மி.மீ. கோடு 100-ஆக இருக்க வேண்டும். 97 இருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். இதை அளக்காமல் கட்டி முடித்து, இடைவெளி மட்டும் அளவியால் சரியாகவும் மற்றதெல்லாம் கோணலாகவும் நிற்கும் பாயிண்ட்டுகள் நிறைய உண்டு.

ரெண்டு பிரதி எடுங்கள். ஒன்றின்மேல் கட்டுவதற்கு, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்க.

## 5. பலகை

பாயிண்ட்டை மேசையில் கட்டிப் பிறகு லே-அவுட்டுக்கு (ரயில் ஓடப்போகும் முழு அமைப்பு) கொண்டுபோவது நல்லது. கட்டுவதற்கு 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு அல்லது கண்ணாடி. படத்தை இருபக்க டேப்பால் ஒட்டுங்கள்.

லே-அவுட்டுக்கு எம்டிஎஃப் பலகை வாங்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் ஓரம் ஊதும். ப்ளைவுட்டாக இருந்தாலும் மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் பலகை அப்பளம் போல வளையும். கறையான் பார்க்கும் வீடாக இருந்தால் கால்களைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையில் காலைக்கும் மத்தியானத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் வரலாம். அந்த வித்தியாசத்துக்கு ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் கால் மி.மீட்டர் நீளும். மூன்று மீட்டர் நேர்ப்பாதை என்றால் முக்கால் மி.மீ. ஏர்கான் போட்டோ விடியற்காலையிலோ தண்டவாளம் பதித்தால் இணைப்புகளில் அந்த இடத்தை விடுங்கள். மத்தியானச் சூட்டில் பதித்தால் இடைவெளியே வேண்டாம். அது ஏற்கெனவே நீண்டுதான் இருக்கிறது.

## 6. சிலிப்பர் வெட்டுதல்

எல்லாச் சிலிப்பரும் செம்பாக இருக்க வேண்டியதில்லை. நாலில் ஒன்று செம்பு, நடுவில் மரம். ஒரு பாயிண்ட்டுக்குச் செம்புச் சிலிப்பர் 16 போதும்: ஃப்ராக்கைச் சுற்றி நெருக்கமாக ஐந்து, பிளேடு (பாதையை மாற்ற அசையும் மெல்லிய தண்டவாளம்) நுனியின் ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று, ரெண்டு கடைசியிலும் ஒவ்வொன்று, மிச்சம் இடையில். அகலம் 3 மி.மீ. நீளம் 30-இல் தொடங்கி, பாதை பிரியும் கடைசியில் 58 வரை போகும். படத்தின்மேல் வைத்து நீளத்தைக் குறியுங்கள்.

எஃப்ஆர்-4 உள்ளே கண்ணாடி நார். அறுக்கும்போது வரும் தூள் மூச்சுக்குக் கெடுதல், தோலில் அரிக்கும். முகக்கவசம் போடுங்கள், பலகையை நனைத்துக்கொண்டு வெளியே அஞ்சடியில் உட்கார்ந்து அறுங்கள். சமையல் மேசையில் வேண்டவே வேண்டாம்.

மரச் சிலிப்பருக்கு ஐஸ்கிரீம் குச்சி நன்றாக இருக்கும். ஆனால் அதன் தடிமன் 2 மி.மீ., பலகை 1.6. அப்படியே வைத்தால் தண்டவாளம் மரத்தில் ஏறி, செம்பைத் தொடாமல் மேலே நிற்கும். செம்புச் சிலிப்பரின் அடியில் 0.4 மி.மீ. அட்டை ஒட்டிச் சமப்படுத்துங்கள்.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு செம்புச் சிலிப்பரிலும் செம்பை அரத்தால் குறுக்கே கீறி, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மின்தொடர்பை அறுக்க வேண்டும். பிளேடு பக்கத்துச் சிலிப்பரில் நடுவே ஒரு வெட்டு போதும். பிளேடும் அதன் பக்கத்து ஸ்டாக் ரயிலும் ஒரே மின்முனைதான். ஃப்ராக்குக்குக் கீழே உள்ளவற்றில் ரெண்டு வெட்டு, ஃப்ராக்கின் ரெண்டு பக்கத்திலும். சோல்டர் வைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பிறகு பார்த்தால் பதினாறில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போகும்.

## 7. முதலில் நேர்ப்பாதை ஒரு சாண்

பாயிண்ட்டில் நேராகக் கை வைக்காதீர்கள். மிச்சமான அரை மீட்டர் தண்டவாளத்தில் ஒரு சாண் நேர்ப்பாதை கட்டினால் சோல்டர் வேலை பிடிபடும்.

அயன் 350 முதல் 370 டிகிரி. செம்பையும் தண்டவாள அடிப்பாதத்தையும் நைஸ் மணல்தாளால் தேயுங்கள். விரல் படாமல் பிளக்ஸ் தடவுங்கள். தண்டவாளத்தை அளவியால் பிடித்து, அயனின் தட்டை முனையை அடிப்பாதத்துக்கும் செம்புக்கும் நடுவே வெளிப்பக்கத்தில் வையுங்கள். ரெண்டு வினாடியில் சோல்டர் ஓடிப் பரவும். சக்கர விளிம்பு ஓடும் உள்பக்கத்தில் சோல்டர் வேண்டாம். நாலு வினாடிக்கு மேல் பிடித்தும் ஓடவில்லை என்றால் சூட்டைக் கூட்டாதீர்கள். அழுக்கு இருக்கிறது, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி.

ஒரு கடைசியிலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். சூட்டில் நீண்ட தண்டவாளம் ஆறும்போது சுருங்கும். வாழைப்பழம் போல வளைந்துவிடும். நடுவிலிருந்து இப்படியும் அப்படியும் மாறி மாறி.

ஒரு கையில் அயனும் மறு கையில் கறிபாப்பும் வேண்டாம். 60/40-இல் ஈயம் இருக்கிறது. கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு பிளக்ஸைக் கழுவுங்கள். குழாய் வேலைக்கு விற்கும் அமில பிளக்ஸ் நன்றாகத்தான் ஓடும், ஆனால் கழுவாமல் ஒரு மழை ராத்திரி விட்டால் காலையில் தண்டவாள ஓரமெல்லாம் பச்சை பூத்திருக்கும்.

## 8. நேர் ஸ்டாக் ரயில்

ஸ்டாக் ரயில் என்பது பாயிண்ட்டின் ரெண்டு ஓரத்திலும் முறியாமல் ஓடும் வெளித்தண்டவாளம். நேரானதை முதலில் பதியுங்கள். அதற்கு முன் ஒரு வேலை: பிளேடு வந்து ஒட்டும் 40 மி.மீ. தூரத்துக்கு, உள்பக்க அடிப்பாதத்தை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். பதித்த பிறகு இதைச் செய்ய முடியாது. இரும்பு ஸ்கேல் ஒட்டிப் பார்த்து நேர் என்று உறுதியானதும் சோல்டர்.

## 9. ஃப்ராக்

ரெண்டு பாதையும் குறுக்கிடும் இடத்தில் நிற்கும் 'வி' வடிவ முனை இது. இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

தனியாக ஒரு மரத்துண்டில் வி ஒன்றை வரையுங்கள். முனையிலிருந்து 60 மி.மீ. தூரத்தில் ரெண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக 10 மி.மீ. அதுதான் 6-ஆம் எண். கோட்டோரமாகச் சின்ன ஆணிகள் அடித்துக்கொள்ளுங்கள்.

110 மி.மீ. நீளத் தண்டவாளத் துண்டு ரெண்டு. ஒவ்வொன்றிலும் மற்றதோடு ஒட்டப்போகும் பக்கத்தை மட்டும் சாய்வாகத் தேயுங்கள். ரெண்டும் சேர்ந்துதான் முழுக்கோணம். ஆகவே ஒவ்வொன்றும் பாதிக்கோணம், 12-க்கு 1. தலைப்பகுதியில் சாய்வு ஏறக்குறைய 12 மி.மீ. நீளம் வரும். அடிப்பாதம் அகலமானதால் அது முதலில் தேயத் தொடங்கும், பயப்பட வேண்டாம். தேய்க்கும்போது துண்டை ஒரு மரக்கட்டையின் ஓரத்தில் படுக்கவைத்துப் பிடித்தால் அரம் உருளாது. நாலு இழுப்புக்கு ஒருமுறை ரெண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவே ஒளிக்கீற்று தெரிகிற இடம் இன்னும் தேயவில்லை.

ஆணிகளுக்கு நடுவே ரெண்டையும் வைத்து, தாராளமாக பிளக்ஸ் போட்டு, அடியிலிருந்து சோல்டரை நிரப்புங்கள். ஆறியதும் மேலே தட்டையாகத் தேயுங்கள். முனை கத்தி போல இருக்கக் கூடாது. அரை மி.மீ. மழுங்கல் வேண்டும், உயரமும் ஒரு மயிரிழை தாழ வேண்டும். கூர்முனை வைத்தால் சக்கரம் அதில் ஏறும்.

இப்போது இதைப் படத்தின்மேல் வைத்து, நேர் ஸ்டாக் ரயிலிலிருந்து அளவியால் 16.5 பிடித்துப் பதியுங்கள். படம் ஒன்று சொல்லி அளவி வேறு சொன்னால் அளவி சொல்வதைக் கேளுங்கள்.

## 10. உள்தண்டவாளமும் விங் ரயிலும்

ஒரே துண்டு மூன்று வேலை செய்யப் போகிறது: நுனியில் பிளேடு, நடுவில் இணைப்பு, ஃப்ராக் பக்கத்தில் விங். நீளம் 185 மி.மீ. இப்படி ரெண்டு.

ஃப்ராக் முனைக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தை ஃப்ராக் கோணத்துக்கு வளைக்க வேண்டும். உள்ளே மெல்லிய கீறல் போட்டு இடுக்கியால் மடக்கினால் மடிப்பு கூர்மையாக வரும். வளைந்த பகுதி ஃப்ராக்கின் காலோடு இணையாக 22 மி.மீ. ஓடட்டும், கடைசி 4 மி.மீட்டரை வெளிப்பக்கம் லேசாக விரியுங்கள். ஃப்ராக் காலுக்கும் விங்குக்கும் நடுவே அந்த 1.2 மி.மீ. பீலர் தகடு இறுக்கமாக நிற்க வேண்டும். தகட்டை நிறுத்தி வைத்துக்கொண்டே சோல்டர் வையுங்கள். எடுக்கும்போது உரசிக்கொண்டு வர வேண்டும்.

நேர்ப்பாதையின் உள்தண்டவாளத்தையும் ஃப்ராக்கின் நேர்க்காலையும் சேர்த்து ஸ்கேல் ஒட்டிப் பாருங்கள். மடிப்பு தவறான இடத்தில் விழுந்திருந்தால் இங்கே ஒரு கோணல் தெரியும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்தில் தலையாட்டிவிட்டுப் போகும்.

பிளேடாக இருக்கப்போகும் கடைசி 70 மி.மீட்டரைச் சோல்டர் செய்யாமல் சும்மா விடுங்கள். பிறகு வளைந்த ஸ்டாக் ரயில். இதற்கு மூன்று கால் அளவி: ரெட்டைக் கால் வளைவின் வெளிவட்டத்துத் தண்டவாளத்தில் (இங்கே அது வளைந்த உள்தண்டவாளம்), ஒற்றைக் கால் வளைவின் உள்வட்டத்துத் தண்டவாளத்தில் (இங்கே அது வளைந்த ஸ்டாக் ரயில்). அப்படி வைத்தால் வளைவில் இடைவெளி தானாகச் சற்று அகலும். திருப்பி வைத்தால் குறுகிவிடும். நீள என்ஜின் சிக்கும்.

## 11. செக் ரயில்

45 மி.மீ. துண்டு ரெண்டு, ரெண்டு ஸ்டாக் ரயிலின் உள்பக்கத்தில், ஃப்ராக் முனைக்கு நேரெதிரே நடு வரும்படி. முனைகள் உள்நோக்கி விரிந்திருக்க வேண்டும்.

பலர் இதை அலங்காரம் என்று நினைத்துக் கண்ணளவில் ஒட்டிவிடுகிறார்கள். சக்கரம் ஃப்ராக்கின் இடைவெளியைக் கடக்கும்போது அதைப் பிடித்து நிறுத்த அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. எதிர்ச் சக்கரத்தின் முதுகை இந்தத் துண்டு இழுத்துப் பிடிப்பதால்தான் இந்தச் சக்கரம் முனையில் மோதாமல் போகிறது. ஸ்டாக் ரயிலிலிருந்து 1.2 இடைவெளி என்றால், செக் ரயிலின் முகத்திலிருந்து ஃப்ராக் முனை வரை 16.5 கழித்தல் 1.2, அதாவது 15.3 மி.மீ. கேலிப்பரால் அளக்க வேண்டியது இந்த 15.3-ஐத்தான். 15 என்று வந்தால் சக்கரம் முனையில் முட்டும். வண்டி தடம் புரண்டதும் எல்லாரும் ஃப்ராக்கைத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். பழுது எதிர்ப்பக்கத்தில் இருக்கும்.

## 12. பிளேடு

ஸ்டாக் ரயிலோடு ஒட்டும் பக்கத்தில், நுனியிலிருந்து 35 மி.மீ. தூரத்துக்கு அடிப்பாதத்தை முழுக்க எடுத்துவிட்டுத் தலையை நுனிநோக்கி மெலிதாக்குங்கள். சக்கரம் ஓடும் பக்கத்தில் கடைசி 10 மி.மீ. மட்டும் லேசாக. நுனியின் உச்சி ஸ்டாக் ரயிலைவிடச் சற்றுத் தாழ இருக்கட்டும். உள்தண்டவாளத்தைப் பதிப்பதற்கு முன்பே இந்தத் தேய்ப்பை முடித்துவிட்டால் கை நன்றாக ஆடும்.

பிளேடை ஸ்டாக் ரயிலோடு அழுத்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டாக் ரயிலின் உள்முகத்தில் நகத்தை ஓட்டிக்கொண்டு போங்கள். பிளேடு தொடங்கும் இடம் நகத்துக்குத் தெரியக் கூடாது. நகம் சிக்கினால் சக்கர விளிம்பும் சிக்கும்.

ரெண்டு நுனியையும் இணைப்பது டை பார்: ஒரு செம்புப் பலகைத் துண்டு, நடுவே செம்பு அறுத்தது, ஸ்டாக் ரயில்களுக்கு அடியில் வழுக்கி ஓட வேண்டும். நுனிகளை நேராக இதில் சோல்டர் செய்தால் ஓடும். சில மாதத்தில் இணைப்பு வெடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு அசைவிலும் அந்த இடம் முறுக்கப்படுகிறது. டை பாரில் 0.8 மி.மீ. துளை போட்டு, அடியிலிருந்து குண்டூசியை ஏற்றி, ஊசியைப் பிளேடின் பக்கத்தில் மட்டும் சோல்டர் செய்யுங்கள். துளைக்குள் ஊசி சுழலும். சோல்டர் பரவாமலிருக்க நடுவே எண்ணெய் தடவிய தாள் வைக்க மறக்காதீர்கள். திறந்த பக்கத்தில் பிளேடு நுனிக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் நடுவே 2 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது.

## 13. மின்சாரம்

ஃப்ராக்கைத் தனித்தீவாக்குங்கள். மடிப்புக்கு 15 மி.மீ. முன்னால் ரெண்டு உள்தண்டவாளத்தையும் மெல்லிய இரம்பத்தால் அறுங்கள். ஃப்ராக்குக்குப் பின்னால் ரெண்டு காலும் அடுத்த தண்டவாளத்தோடு சேருமிடத்தில் பிளாஸ்டிக் இணைப்பான். அறுத்த இடைவெளியில் பிளாஸ்டிக் சில் ஒன்றை சூப்பர்குளூவால் ஒட்டிச் சமமாகத் தேயுங்கள். சும்மா விட்டால் வெயில் நாளில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொள்ளும். காலையில் ஓடிய ரயில் ரெண்டு மணிக்கு ஷார்ட் ஆகும்.

ஃப்ராக்குக்கு ஒரு ஒயர், ஸ்டாக் ரயில் ரெண்டுக்கும் ஒவ்வொரு ஒயர். ஃப்ராக்கின் மின்முனை பாதைக்கு ஏற்ப மாற வேண்டும். ஆறு முனையுள்ள ஸ்லைடு சுவிட்ச் (ஒன்று ரெண்டு வெள்ளி) ஒன்றைப் பலகை ஓரத்தில் வைத்து, அதன் குமிழில் துளைபோட்டுக் கம்பியால் டை பாரோடு இணையுங்கள். குமிழைத் தள்ளினால் பிளேடும் மாறும், ஃப்ராக் மின்முனையும் மாறும். சர்வோ மோட்டாரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## 14. ஓட்டிப் பார்த்தல்

என்ஜினுக்கு முன் ஒரு காலிப் பெட்டி. ஒரே விரலால் தள்ளுங்கள். ரெண்டு பாதையிலும், ரெண்டு திசையிலும், பத்துப் பத்துத் தடவை. அதற்கு முன் பெட்டியின் சக்கரங்களின் முதுகுக்கு முதுகு இடைவெளியைப் பாருங்கள்: 14.4 மி.மீட்டரைச் சுற்றி இருக்க வேண்டும். மலிவுப் பெட்டிகளில் இது தாறுமாறாக இருக்கும்; அந்தக் குற்றத்தைப் பாயிண்ட்டின் தலையில் போடாதீர்கள்.

ஃப்ராக்கில் சக்கரம் 'டொக்' என்று விழுந்தால் அங்கே இடைவெளி 1.2-ஐவிட அகலம். பிளேடு நுனியில் ஏறினால் நகச் சோதனையை மறுபடி செய்யுங்கள். செக் ரயில் பக்கத்தில் பெட்டி மேலே தூக்கினால் அந்த இடைவெளி குறுகல், அல்லது முனை விரியவில்லை.

முதல் பாயிண்ட்டுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும்: சிலிப்பருக்கு ஒரு மாலை, ஃப்ராக்குக்கு ஒன்று, மற்றதற்கு ரெண்டு. ஐந்தாவது பாயிண்ட் ஒரே ஞாயிறு காலையில் முடிந்துவிடும்.

ஜல்லி போட அவசரப்படாதீர்கள். லே-அவுட்டில் பொருத்தி, ஒரு மழை வாரமும் ஒரு வெயில் வாரமும் ஓட்டிப் பாருங்கள். பிறகு போடும்போதும் பிளேடுக்குக் கீழே உள்ள ரெண்டு மூன்று சிலிப்பர் இடைவெளியைக் காலியாக விட்டு, அந்த இடத்தில் பசை தெளிக்காமல் கறுப்புப் பெயிண்ட் மட்டும் அடியுங்கள். டை பாருக்கு அடியில் ஒரு துளி பசை ஊறினால் காலையில் பிளேடு அசையாது.